வீடுகளுக்கு நடுவே ஒரு பள்ளி: வளாகத்தை மேம்படுத்தத் திட்டமிடும் முறை

தனியார் பள்ளி ஒன்றின் கட்டடக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கூடுதல் வகுப்பறை வேண்டும், பழைய கழிப்பறைகளை மாற்ற வேண்டும், முடிந்தால் ஓர் அரங்கமும் வேண்டும் என்று ஆளுக்கொரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். பள்ளியைச் சுற்றி நான்கு பக்கமும் வீடுகள். இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

எடுத்த எடுப்பில் ஆர்க்கிடெக்டிடம் போக வேண்டாம். பள்ளி விடுவதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே வந்து, கேட்டுக்கு எதிர்வீட்டு வாசல் ஓரமாக நில்லுங்கள். ஒரு வாரம் தினமும் நில்லுங்கள். அதில் ஒரு நாளாவது மழை பெய்தால் நல்லது. அக்கம்பக்கத்தார் தினமும் பார்க்கும் பள்ளி எது என்பது அங்கிருந்துதான் தெரியும்.

நான் இரண்டு பள்ளிகளின் கட்டடக் குழுவில் இருந்திருக்கிறேன். முதல் பள்ளியில் வரைபடத்திலிருந்து தொடங்கினோம். எட்டு மாதம் உட்கார்ந்து அழகான ஓர் அரங்கத்தை வரைந்தோம். அனுமதிக்கு விண்ணப்பித்த பிறகுதான் தெருக்காரர்கள் அதைப் பார்த்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுற நேரத்துல என் வீட்டு கேட்டை என்னால திறக்க முடியல. அதுக்கு இந்தப் படத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. அரங்க வேலை நின்றது. மறுபடி தொடங்க ஒன்றரை வருடம் ஆனது. இரண்டாவது பள்ளியில் அந்தப் பெரியவரின் கேள்வியிலிருந்தே வேலையைத் தொடங்கினோம். இங்கே நான் சொல்லப்போகும் வரிசை அப்படிக் கிடைத்தது.

முதலில் எண்ணிக்கை

பள்ளி "மேம்பாடு" என்று சொன்னால் தெருவின் காதில் "விரிவாக்கம்" என்றுதான் விழும். இன்னும் எத்தனை பிள்ளைகள் வருவார்கள், இன்னும் எத்தனை வண்டிகள் வரும் என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் வெளியே போகக் கூடாது.

ஆகவே நிர்வாகக் குழு மூன்று விஷயங்களை முதலிலேயே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். மாணவர் எண்ணிக்கை அதிகபட்சம் எவ்வளவு? மாலையிலும் விடுமுறை நாளிலும் வருடத்துக்கு எத்தனை நிகழ்ச்சிகள்? அரங்கத்தையும் மைதானத்தையும் வெளியாட்களுக்கு விடுவீர்களா, மாட்டீர்களா? மூன்றாவது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் வகுப்பு நேரச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கம், வார இறுதி இரவில் யாரோ நடத்தும் விழாவைப் பொறுத்துக்கொள்ளாது.

"அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நிர்வாகம் தள்ளிப்போடப் பார்க்கும். விடாதீர்கள். கழிப்பறை, படிக்கட்டு அகலம், வண்டி நிற்கும் இடம், கழிவுநீர்த் தொட்டி, சாப்பாட்டுக் கூடம் எல்லாமே அந்த ஓர் எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்கிடப்படும். பிள்ளைகள் அதே எண்ணிக்கையில் இருக்க, கட்டடம் மட்டும் நன்றாகிறது என்றால் உங்கள் திட்டம் ஒரு வகை. பிள்ளைகள் கூடுகிறார்கள் என்றால் அது வேறு வகை. எது என்று மறைக்காமல் சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

இருப்பதை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்

காகிதங்களை முதலில் எடுங்கள்: நிலப் பத்திரம், பழைய கட்டட அனுமதிகள், அவற்றோடு வந்த நிபந்தனைகள். குடியிருப்புப் பகுதியில் பள்ளி நடத்தக் கொடுத்த அனுமதியிலேயே மாணவர் உச்ச எண்ணிக்கை, இயங்கும் நேரம், கட்டட உயரம் போன்றவை எழுதப்பட்டிருக்கலாம். மனைப்பிரிவு போட்டபோது பத்திரத்தில் சேர்த்த கட்டுப்பாடுகளும் இருக்கலாம். பல வருடம் யாரும் திறக்காத கோப்பில் இவை கிடக்கும். நீங்கள் படிக்காவிட்டாலும் எதிர்ப்பவர் படித்திருப்பார்.

அடுத்தது நில அளவை. பழைய வரைபடத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். எல்லைக் கோடு, தரை மட்டம், மரங்கள், நிலத்தடியில் போகும் குழாயும் கேபிளும் எல்லாம் புதிதாக அளக்கப்பட வேண்டும். சுற்றுச்சுவர்தான் எல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அளந்து பார்த்தால் சுவர் ஓர் அடி உள்ளேயோ வெளியேயோ இருக்கும். அது படம் வரையும் முன்பே தெரிந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். அஸ்திவாரம் தோண்டிய பிறகு தெரிந்தால் வழக்குதான்.

மூன்றாவதாக, இருக்கும் கட்டடங்களின் உறுதி. புதுக் கட்டடத்தின் மேல் இருக்கும் ஆசையில் பழையதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். 1933 மார்ச் 10 அன்று கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நிலநடுக்கம் வந்தபோது 200-க்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன அல்லது உள்ளே போக முடியாத அளவுக்குச் சேதமாயின. நேரம் மாலை 5:54. பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயத்தில், ஒரே மாதத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். உங்கள் பகுதியில் நிலநடுக்க ஆபத்து இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்துத் தூண், தளம், கூரை எல்லாவற்றையும் சோதித்து அறிக்கை வாங்குங்கள். மேலே ஒரு மாடி எழுப்பும் யோசனை இருந்தால் இந்த அறிக்கை இல்லாமல் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பழைய கூரைத் தகட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா, பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்றும் இப்போதே பரிசோதித்துவிடுங்கள். உடைக்கும்போதும் சுரண்டும்போதும் கிளம்பும் தூசிதான் பிள்ளைகளின் உடம்புக்குள் போகும். இடிக்கும் நாளில் யோசிக்கிற விஷயம் இல்லை இது.

கேட்

இந்தப் பகுதியில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். குடியிருப்புக்குள் இருக்கும் பள்ளிக்கு மிகப் பெரிய பிரச்சினை கேட்டில்தான் இருக்கிறது.

காலையிலும் மாலையிலும் எண்ணுங்கள். ஐந்து நிமிடத்துக்கு எத்தனை கார், எத்தனை வேன், எத்தனை இருசக்கர வண்டி, எத்தனை பேர் நடந்து வருகிறார்கள், ஒரு வண்டி வந்து நின்று கிளம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனத்தை வைத்து ஆய்வு செய்யும் முன்பே, பேனாவும் கைக்கடிகாரமும் வைத்து இதை நீங்களே செய்துவிடலாம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். இருபது நிமிடத்தில் 120 கார்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6. காலையில் ஒவ்வொரு காரும் 2 நிமிடம் நின்று பிள்ளையை இறக்கிவிட்டுப் போனால், எந்த நேரத்திலும் சராசரியாக 6 × 2 = 12 கார்கள் வாசலில் இருக்கும். இடைவெளியோடு சேர்த்து ஒரு காருக்கு 7 மீட்டர் என்றால் வரிசை 84 மீட்டர். மாலையில் அதே கார்கள்தான், ஆனால் இடம் பிடிக்க முன்னதாகவே வந்து சராசரியாக 15 நிமிடம் காத்திருக்கின்றன. இப்போது 6 × 15 = 90 கார்கள். வரிசை 630 மீட்டர். காலையில் அமைதியாக இருக்கும் தெரு மாலையில் அடைத்துக்கொள்வது இதனால்தான். வரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வரிசையில் நிற்போரின் சராசரி எண்ணிக்கை கிடைக்கும் என்ற இந்த விதியை 1961-இல் நிறுவியவர் ஜான் லிட்டில்.

இந்தக் கணக்கை நிர்வாகக் குழுவுக்கும் போட்டுக் காட்டுங்கள். கார்களின் எண்ணிக்கையைக் குறைக்காமலேயே, காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் வரிசை சுருங்கும் என்பது அதில் தெளிவாகத் தெரியும். 15 நிமிடத்தை 5 ஆக்கினால் 90 கார் 30 ஆகிவிடும். வளாகத்துக்குள்ளேயே 105 மீட்டர் நீளத்துக்கு இரண்டு வரிசைப் பாதை போட்டால் அத்தனையும் உள்ளே அடங்கும். சராசரிக்கு மேல் கூடும் நாட்களுக்காக இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பாதை போட இடம் இருக்கிறதா என்று அரங்கத்துக்கு இடம் ஒதுக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

நேரத்தைக் குறைக்க வழிகள் உண்டு. சின்ன வகுப்புகளை முதலிலும் பெரிய வகுப்புகளைப் பதினைந்து இருபது நிமிடம் கழித்தும் விடலாம். கார் கேட்டுக்குள் நுழையும்போதே எண்ணைப் பார்த்துச் சொல்ல ஒருவரை நிறுத்தி, பிள்ளை ஏறும் இடத்தில் தயாராக நிற்கும்படி செய்யலாம். ஒரே நேரத்தில் ஒரு காரில் ஏற்றாமல், ஐந்தாறு கார்களை வரிசையாக நிறுத்தி ஒன்றாக ஏற்றி ஒன்றாக அனுப்பலாம். இதற்கெல்லாம் சிமென்ட் தேவையில்லை. கட்டடம் கட்டும் முன்பே இதைச் செய்து காட்டினால், பள்ளி பேச்சோடு நிற்காது என்று தெருவுக்குத் தெரியும். எங்கள் இரண்டாவது பள்ளியில் அனுமதி விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே நேரத்தைப் பிரித்து விட்டோம். பிறகு கூட்டம் போட்டபோது அறையின் சூடு பாதியாகக் குறைந்திருந்தது.

காரில் வராத பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். நடந்தும் சைக்கிளிலும் வருபவர்களுக்கு வண்டிப் பாதையைக் குறுக்கே கடக்காத தனி வாசல் வேண்டும். இத்தாலியின் போல்சானோ நகரம் 1989-இல், பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாசல் தெருவில் வண்டிகளை நிறுத்திவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு பல நாட்டு நகரங்கள் அதைப் பின்பற்றின. ஒரு பெரியவர் முன்னே நடக்க, வழியில் உள்ள வீடுகளின் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சேர்ந்து நடந்து வரும் "நடைப் பேருந்து" இங்கிலாந்தில் முதலில் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் 1998-இல் தொடங்கியது. பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் குடும்பங்கள் உங்களுக்கு இருந்தால் இதை முயன்று பார்க்கலாம்.

வாசல் தெருவில் வேகத்தைக் குறைக்கச் சொல்லி உள்ளாட்சியிடம் கேளுங்கள். காய்ந்த சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்த பிறகு நிற்க ஏறக்குறைய 28 மீட்டர் ஓடும். 30-இல் வந்தால் 13 மீட்டர் போதும். அந்தப் பதினைந்து மீட்டரில் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது.

அக்கம்பக்கத்தாரிடம் எப்போது போவது?

பென்சில் கோட்டை அழிக்க முடிகிற நாளில். பளபளவென்று வண்ணப் படம் தயாரான பிறகு போனால், "முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்" என்றுதான் நினைப்பார்கள். நினைப்பது சரியாகவும் இருக்கும்.

முதலில் சுவரை ஒட்டி இருக்கும் வீடுகளுக்கு நேரில் போங்கள். தாளாளரோ தலைமையாசிரியரோ கூட வரட்டும், ஆர்க்கிடெக்ட் வேண்டாம். படம் எடுத்துப்போக வேண்டாம், நோட்டு எடுத்துப்போங்கள். "எங்களால் உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். குறுக்கே புகுந்து விளக்கம் சொல்ல வாய் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டுப் படுக்கையறை ஜன்னலிலிருந்து உங்கள் வளாகம் எப்படித் தெரிகிறது என்று காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரு வீட்டில் குழந்தை தூங்கும் அறைக்கு நேர் எதிரே எங்கள் மோட்டார் அறை இருந்தது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. பத்து வருடமாக அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை.

இதற்குப் பிறகுதான் குடியிருப்போர் சங்கம், அப்புறம் பொதுக் கூட்டம். பொதுக் கூட்டத்தையே முதல் சந்திப்பாக வைத்தால் குரல் உயர்த்தத் தெரிந்தவர்கள் மட்டும் பேசுவார்கள். வயதானவர்களும் இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குபவர்களும் வரவே மாட்டார்கள்.

கேட்டது எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒரு பதிலைப் போட்டுத் திருப்பிக் கொடுங்கள்: செய்வோம், இன்ன தேதிக்குள்; முடியாது, இன்ன காரணத்தால்; இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "முடியாது" என்று எழுதப் பயப்பட வேண்டாம். விளையாடும் பிள்ளைகளின் சத்தமே கேட்கக் கூடாது என்று ஒருவர் கேட்டால், அது பள்ளியால் தர முடியாத வாக்குறுதி. அதை மரியாதையாக அன்றைக்கே சொல்லிவிடுவது, தலையாட்டிவிட்டு வருவதைவிட நூறு மடங்கு மேல். செய்வோம் என்று எழுதியதைக் கையெழுத்தோடு கொடுங்கள். நிர்வாகிகள் மாறுவார்கள், காகிதம் மாறாது.

எதை எங்கே வைப்பது?

இப்போது ஆர்க்கிடெக்டைக் கூப்பிடலாம். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் எண்ணிக்கை, அளவைப் படம், கேட் கணக்கு, அக்கம்பக்கத்தார் பட்டியல் நான்கையும் அவர் கையில் கொடுங்கள். வளாகத்தின் நடுவிலிருந்து எல்லை நோக்கி வரையாமல், எல்லையிலிருந்து உள்நோக்கி யோசிக்கச் சொல்லுங்கள். சுவரை ஒட்டிய பத்துப் பதினைந்து மீட்டர் அகலப் பட்டையில் நூலகம், அலுவலகம், தோட்டம் போல அமைதியானவை வரட்டும். மைதானம், அரங்கம், சாப்பாட்டுக் கூடம், ஜெனரேட்டர் எல்லாம் உள்ளே தள்ளிப் போகட்டும்.

சத்தத்தைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்தால் பல தவறுகளைத் தவிர்க்கலாம். ஜெனரேட்டர் போல ஓரிடத்தில் இருந்து வரும் சத்தம், தூரம் இரண்டு மடங்காகும்போது 6 டெசிபல் குறையும். சுவரிலிருந்து 5 மீட்டரில் இருப்பதை 20 மீட்டருக்கு நகர்த்தினால் 12 டெசிபல் போய்விடும். செலவில்லாத தீர்வு இதுதான். இரண்டாவது, தடுப்புச் சுவர் கட்டினால் அது சத்தம் வரும் இடத்தையும் கேட்பவரின் காதையும் இணைக்கும் நேர்கோட்டை மறைக்க வேண்டும். மறைத்தால் குறைந்தது 5 டெசிபல் குறையும். மாடி ஜன்னலில் இருப்பவருக்கு ஆறடிச் சுவரால் ஒரு பயனும் இல்லை. மூன்றாவது, மரம் நட்டால் சத்தம் நின்றுவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அடர்த்தியாக 30 மீட்டர் அகலத்துக்கு நட்டால்தான் 5 டெசிபல் அளவுக்குக் குறையும். ஒரு வரிசை மரம் நிழலும் மறைவும் தரும், கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். அதற்காகவே நடுங்கள், சத்தத்தை அடக்கும் என்று தெருவுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் விளையாட்டுத் திடலுக்கு வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கு 55 டெசிபலையும், பாடம் நடக்கும் வகுப்பறைக்கு 35 டெசிபலையும் எல்லையாகச் சொல்கிறது. இரண்டாவது எண்ணை ஆர்க்கிடெக்டிடம் அழுத்திச் சொல்லுங்கள். தெருவுக்காக மட்டுமா அமைதி? ஆசிரியர் சொல்வது கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டுமே.

ஒலிபெருக்கி விஷயம் எளிது. மொட்டை மாடியில் ஒரு பெரிய குழாய் ஒலிபெருக்கி வைப்பதற்குப் பதில், பிள்ளைகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கீழ்நோக்கிப் பல சின்ன ஒலிபெருக்கிகள். பிள்ளைகளுக்கும் தெளிவாகக் கேட்கும், சுவரைத் தாண்டியும் போகாது.

வெளிச்சமும் அப்படித்தான். விளக்கின் முகம் தரையைப் பார்க்கட்டும், பக்கவாட்டில் ஒளி சிதறாமல் மேல் மூடி இருக்கட்டும், குறித்த நேரத்தில் தானாக அணையும்படி டைமர் வையுங்கள். இரவில் பக்கத்து வீட்டு அறைக்குள் நின்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பார்வையை நாம் நினைப்பதேயில்லை. மூன்றாவது மாடி வகுப்பறை ஜன்னல் யாருடைய முற்றத்தைப் பார்க்கிறது? அந்தப் பக்கச் சுவரில் ஜன்னலை உயரத்தில் வைக்கலாம், மங்கல் கண்ணாடி போடலாம், அல்லது தாழ்வாரத்தை எதிர்ப்பக்கம் திருப்பலாம். நிழலையும் பாருங்கள்: சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது 10 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் 17 மீட்டருக்கு மேல் நீளும். ஜூனிலும் டிசம்பரிலும் சூரியன் கடைக்கோடிக்குப் போகும் நாட்களில் காலை, நண்பகல், மாலை நிழல் எங்கே விழும் என்று படம் கேளுங்கள். அந்த நிழலில் யாரோ ஒருவருடைய துணி உலரும் மாடியோ சூரிய மின்தகடோ இருக்கலாம்.

அப்புறம் தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். புல்தரையாக இருந்த 1,000 சதுர மீட்டரில் வண்டி நிறுத்தத் தளம் போட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 50,000 லிட்டர் விழும். முன்பு அதில் பெரும் பங்கு மண்ணுக்குள் இறங்கியிருக்கும். இப்போது பெரும்பாலும் அத்தனையும் ஓடும், தாழ்வாக இருக்கும் வீட்டு வாசலை நோக்கி. உறிஞ்சு குழி, நீர் இறங்கும் தளக்கல், தேக்கிவைக்கும் தொட்டி என்று எது வந்தாலும் சரி, வளாகத்தில் விழும் தண்ணீர் வளாகத்தைவிட்டு முன்னைவிட வேகமாக வெளியேறக் கூடாது என்பதை நிபந்தனையாகவே எழுதிக் கொடுங்கள்.

பெரிய மரங்களை வெட்டாமல் காப்பாற்றப் பாருங்கள். அடிமரத்தின் விட்டத்தைப் போல் 12 மடங்கு தூரம் வரை வேர்ப் பகுதியாகக் காக்க வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் தரநிலை 5837. அரை மீட்டர் தடிமன் மரத்துக்குச் சுற்றிலும் 6 மீட்டர். அதற்குள் தோண்டுவதோ லாரி நிறுத்துவதோ கூடாது. வெட்டாமல் விட்ட மரம் இரண்டு வருடம் கழித்துப் பட்டுப்போவது பெரும்பாலும் வேர் நசுங்கியதால்தான்.

பிள்ளைகளுக்காக, விட்டுக்கொடுக்க முடியாதவை

பணம் பற்றாமல் போகும்போது எதைக் குறைப்பது என்ற பேச்சு வரும். குறைக்கவே கூடாத பட்டியலை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாடியிலிருந்தும் இரண்டு தனித்தனி வெளியேறும் வழிகள். புகை ஏறாதபடி கதவு போட்டு அடைத்த படிக்கட்டு. வெளிப்பக்கம் திறக்கும், பள்ளி நேரத்தில் பூட்டப்படாத கதவுகள். 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவில் அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் பள்ளியில் படிக்கட்டின் அடியில் பிடித்த தீ, அடைக்கப்படாத படிக்கட்டு வழியாக மேல்மாடித் தாழ்வாரத்தைப் புகையால் நிரப்பியது. 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். தீயணைப்பு வண்டி கட்டடத்தின் பக்கத்தில் வந்து நிற்கும் பாதையில் ஒரு நாளும் கார் நிற்கக் கூடாது, மாலை நெரிசலிலும்தான்.

சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவில். 60 சென்டிமீட்டர் உயரப் பீடத்துக்கு 7.2 மீட்டர் நீளம் தேவை. கடைசியில் இடம் தேடினால் செங்குத்தாக ஒன்றைக் கட்டி வைப்பார்கள், சக்கர நாற்காலி அதில் ஏறாது. சாய்தளம் பின்வாசல் வழியாகப் போகாமல், எல்லாப் பிள்ளைகளும் நுழையும் அதே வாசலில் இருக்கட்டும்.

கழிப்பறை: பெண் பிள்ளைகள் 25 பேருக்கு ஒன்று, ஆண் பிள்ளைகள் 50 பேருக்கு ஒன்றும் கூடவே ஒரு சிறுநீர்க் கழிப்பிடமும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. பள்ளியில் தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று நாள் முழுக்கத் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அரங்கம் ஒரு வருடம் தள்ளிப் போகட்டும். கழிப்பறை தள்ளிப் போகக் கூடாது.

அனுமதி, பணம், கட்டங்கள்

அனுமதி நடைமுறை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இதை வேகமாகக் கடக்கிறேன். விண்ணப்பிக்கும் முன்பே திட்ட அதிகாரிகளோடு ஒரு முன்ஆலோசனை கேட்டு வாங்குங்கள். பத்து வருடத்தில் செய்ய நினைக்கும் எல்லாவற்றையும் ஒரே முழுத் திட்டமாகக் காட்டி, கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். வருடத்துக்கொரு சின்ன விண்ணப்பம் போட்டால் தெருவுக்கு ஒவ்வொரு வருடமும் பயம்.

கட்டங்களைப் பிரிக்கும்போது ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: முதல் கட்டத்தில் அக்கம்பக்கத்தாருக்கு நன்மை தருவது வர வேண்டும். சுற்றுப்பாதை, வடிகால், சத்தத் தடுப்பு முதலில்; வகுப்பறை அடுத்து; அரங்கம் அப்புறம். இடையில் பணம் நின்றுவிட்டாலும் ஒவ்வொரு கட்டமும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். பாதித் தூண்கள் கம்பி நீட்டிக்கொண்டு வருடக்கணக்கில் நிற்கும் வளாகம் பிள்ளைகளுக்கு ஆபத்து. எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்கையாவது எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள். பழைய கட்டடத்தைத் திறக்கும் வேலை என்றால் இன்னும் கூடுதலாக. கட்டி முடித்த பிறகு வருடா வருடம் ஆகும் பராமரிப்புச் செலவையும் அதே தாளில் எழுதுங்கள்.

வேலை நடக்கும்போது

கான்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்திலேயே இவை இருக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. பிள்ளைகள் வரும் நேரத்துக்கும் போகும் நேரத்துக்கும் முன்பின் அரை மணி நேரம் லாரி எதுவும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. வேலை வாசல் தனி, பள்ளி வாசல் தனி. நடுவில் பிள்ளைகள் ஏற முடியாத, இடுக்கில்லாத தகட்டு வேலி. இடிப்பது, துளையிடுவது போன்ற பெரிய சத்த வேலைகள் நீண்ட விடுமுறையில். தேர்வு நாட்களின் அட்டவணையைக் கான்ட்ராக்டருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கான்கிரீட் போடும் நாள் நடுவில் நிறுத்த முடியாத நாள், மாலை தாண்டியும் ஓடும். அதை இரண்டு நாள் முன்பே வீடு வீடாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் கோபப்படுவதில்லை.

தோண்டத் தொடங்கும் முன் சுவரை ஒட்டிய வீடுகளுக்குப் போய், அவர்கள் அனுமதியோடு, சுவர் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய விரிசல் வந்தால் நீங்கள் சரிசெய்து கொடுக்கலாம்; பழையது என்றால் வாக்குவாதம் வராது. இரண்டு தரப்புக்கும் பாதுகாப்பு.

ஒரே ஒரு தொலைபேசி எண் வேலியில் பெரிதாக எழுதப்பட்டிருக்கட்டும். அதை எடுப்பவர் பள்ளியின் ஆளாக இருக்க வேண்டும், கான்ட்ராக்டரின் ஆளாக அல்ல. வந்த புகார், என்ன செய்தோம், எப்போது என்று நோட்டில் எழுதி, வாரம் ஒரு முறை கட்டடக் குழு அதைப் படிக்கட்டும்.

திறந்த பிறகு

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள், சுவரை ஒட்டிய வீட்டுக்காரர்களை மட்டும் அழைத்து வளாகத்தைச் சுற்றிக் காட்டுங்கள். நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த பட்டியலை அவர்களே எடுத்து வரட்டும்; ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடிக்கட்டும். விட்டுப்போனது இருந்தால் தேதி போட்டுக் கொடுங்கள்.

முதல் பருவம் முடியும்போது மறுபடி கேட்டுக்கு எதிரே போய் நில்லுங்கள். முன்பு எண்ணிய அதே நேரம், அதே ஐந்து நாள், அதே முறை. இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அப்படியே, சங்கத்துக்கு ஒரு பிரதியும் பெற்றோருக்கு ஒரு பிரதியும் அனுப்புங்கள். கூடியிருந்தால், அடுத்த கட்டத்துக்கான விண்ணப்பத்தை அதைச் சரிசெய்யும் வரை நிறுத்தி வையுங்கள்.